குழாய் திறந்திருந்தபோது

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இது பட்டப்பகலில் எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவள் குழந்தைக்கு ஏழு மாதம். பிறந்ததிலிருந்தே சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாக மருந்து நீரை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கழிவோடு வெளியே எடுக்க வேண்டும். தினமும் பல முறை, வீட்டிலேயே. மூடியைத் திறந்துவிட்டால் குழாய் நுனியில் எதுவும் படக் கூடாது. பட்டால் கிருமி நேரே வயிற்றுக்குள் போகும். பிறகு பிள்ளை பிழைப்பது கஷ்டம். அதனால் கதவுக்குத் தாழ்ப்பாள், முகத்துக்கு மாஸ்க், ஃபேனும் ஓடக் கூடாது. தாழ்ப்பாள் அவளுடைய நாத்தனாருக்காகத்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தம்மாவுக்குக் கதவைத் தட்டும் பழக்கமே கிடையாது.

அன்று மத்தியானம் இரண்டு மணி. அறை புழுங்கித் தள்ளியது. குழந்தை வீல் வீலென்று கத்தியது. சின்னவள் கை கழுவி, மூடியைத் திறந்து, மருந்து நீர் இருந்த புதுப் பையின் குழாயை எடுத்தாள்.

பின்னால்... மூச்சுச் சத்தம்.

நாத்தனார்தான் என்று நினைத்தாள். பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணி, வெளிய போங்க! மாஸ்க் போட்டீங்களா?"



குழந்தை அவள் தோளுக்கு மேலே பார்த்தது. அழுகை சட்டென்று நின்றது.

சிரித்தது.

அப்போதுதான் உறைத்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

ஓட முடியாது. திரும்பக்கூட முடியாது. கையில் திறந்த குழாய். விட்டால் பிள்ளை போய்விடும். கையை அசையவிடவில்லை.

நெற்றியில் வேர்வை திரண்டது. புருவத்துக்கு இறங்கியது. குழாய்க்கு நேர் மேலே...

ஒரு கை வந்தது.

ஈரத் துணியால் நெற்றியை ஒற்றியது.

சில்லென்று...

பால் வாசனை.

டக். இணைத்துவிட்டாள். திரும்பினாள்.

யாருமில்லை.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நாத்தனார் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள், இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த நர்ஸிடம் போனில் சொன்னாள். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"உங்ககூட ட்ரெயினிங் எடுத்தாங்களே, அந்த உயரமான அம்மா... ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அவங்க பாப்பா நல்லா இருக்கா?"

"போன மாசமே போயிடுச்சும்மா. திறந்த குழாய்ல வேர்வை சொட்டிடுச்சாம். அதையே சொல்லிச் சொல்லி அழுதாங்க."

"ஐயோ... இப்ப அவங்க?"



"நேத்து காலையில அடக்கம் பண்ணிட்டாங்க. காய்ச்சல்னு படுத்தவங்க எழுந்திரிக்கவே இல்ல... கடைசிவரைக்கும் மார்ல பால் வத்தலையாம்."