வடக்கே பார்த்து நின்ற அப்பா

பழனியில் எங்கள் வீடு அடிவாரத்தில் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் மலையைப் பார்த்துக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. மற்றவர்கள் அதைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்வார்கள். காபியைக் குடித்துவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டால் முருகன் என்ன கம்பெடுத்துக்கொண்டா வரப்போகிறான்? என் அப்பா அந்த ரகம் இல்லை. படுக்கையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே எழுந்திருப்பார். சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வருவார். தெருவில் காலை வைத்த பிறகுதான் கண் திறக்கும். ஒரு தடவை வாசலில் படுத்திருந்த பசுமாட்டின் மேலேயே விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அப்போதும் கண்ணைத் திறக்காமல் எழுந்து நின்று, மலையைப் பார்த்துத்தான் திறந்தாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள்.

மழைக்காலத்தில் மேகம் இறங்கி மலையை மூடிவிடும். அன்றைக்கெல்லாம் மேகம் விலகுகிறவரைக்கும் அப்பா பட்டினிதான். "அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டா ஆகாதா?" என்று அம்மா கேட்பாள். "திசைக்கு என்ன தெரியும்?" என்பார் அப்பா. அதற்கு மேல் பேச்சு கிடையாது. இதனால் அவர் வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கல்யாணமோ கருமாதியோ, எந்த வண்டியைப் பிடித்தாவது விடிவதற்குள் பழனிக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் என்னைக் கொண்டுபோய்க் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பெருமாள்மலையில் கொடுத்தார். எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. அதற்கு மலை வாழைப்பழம் வேண்டும். பழம் வாங்கிய தோட்டத்துக்காரர் வீட்டிலேயே பெண்ணையும் கொடுத்துவிட்டார். நல்ல குடும்பம்தான். மாமியார் மாமனார் இல்லை. என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அவர் வாயே திறக்காமல் நிற்கிறபோது எனக்கு இன்னும் ஏறும்.

அது அறுபதுகளின் ஆரம்பம். பழனியிலிருந்து எங்கள் ஊருக்கு நேர் பஸ் கிடையாது. ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று சுற்றி மலையேறி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்கே திரும்ப வழியில்லை. அதனால் அப்பா வரவே இல்லை. மூன்று வருசமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான்தான் இறங்கிப் போனேன். அம்மா இறந்த பிறகும் அப்படித்தான். பக்கத்து வீடுகளில் பெண்ணைப் பெற்றவர்கள் பலகாரமும் கையுமாக வந்து இறங்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெத்த மனம் பித்து என்பார்கள். என் அப்பாவின் பித்தெல்லாம் அந்த மலையின் மேல்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு எனக்கு ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. பழ லாரிக்காரர் மூலம் பழனிக்குத் தகவல் போயிற்று. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இருட்டுகிற நேரத்தில் அப்பா வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு தூக்குவாளி. தோளில் கம்பளிகூட இல்லை, வெறும் துண்டு. குளிரில் உதடு நடுங்கிக்கொண்டு இருந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சதாக்கும்?" என்றேன். வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் அதுதான் வந்தது.

அப்பா என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தார். அவ்வளவு நாள் வராத அழுகை அப்போது வந்தது. நான் அழுது முடிக்கிறவரை கையை எடுக்கவே இல்லை.

ராத்திரி என் வீட்டுக்காரர் வைத்த ரசத்தையும் சோற்றையும் சாப்பிட்டார். காலையில் பழனியில் மலையைப் பார்த்துவிட்டு வந்ததால் அன்றைக்கு அவருக்குத் தடை இல்லை. கையைக் கழுவியதும், "மொத பஸ்ஸுக்கே கெளம்பிருதேன் மாப்ள. ஊரு போய்ச் சேர மத்தியானத்துக்கு மேல ஆயிரும். குடல்புண் வேற. ரொம்ப நேரம் தாங்காது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். "ஒரே ஒரு நாள் இருக்கக் கூடாதாப்பா? நான் சமைச்சு நீங்க இந்த வீட்டுல ஒரு நாள் சாப்பிடக் கூடாதா? இங்கயும் வாசல்ல மலை நிக்குதுல்ல, அதக் கும்பிடுங்களேன்."

"அது பெருமாள்ல தாயி" என்றார் அப்பா. "அவரு பெரிய ஆளு. கும்பிட்டுக்கிறலாம். ஆனா நம்மாளு இல்லையே."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான், கேட்டால் ஒழியப் பேசாத என் வீட்டுக்காரர் பேசினார். கொடைக்கானலில் வடக்குப் பள்ளத்தைப் பார்த்த ஓர் ஓரம் இருக்கிறதாம். சூரியன் உதிப்பதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அங்கே வருவார்களாம். கிழக்கும் வடக்கும் மறைப்பே இல்லையாம். விடியற்காலையில் வானம் தெளிந்திருந்தால் கீழே பழனி மலை தெரியுமாம். "வெள்ளனே நம்ம பழ லாரியில போயிருவோம் மாமா. மலையப் பாத்துட்டீங்கன்னா, நாளைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகலாம்ல?"

அப்பா யோசித்தார். "தெரிஞ்சா இருக்கேன்" என்றார்.

எனக்கு அது போதும். நானும் வருவேன் என்று நின்றேன். இந்த உடம்போடு குளிரில் எதற்கு என்று என் வீட்டுக்காரர் முனகினார். நான் விடவில்லை. விடியுமுன்பே எழுந்து, அத்தனை நாள் கழித்து அடுப்பு முன்னால் உட்கார்ந்து இட்லி ஊற்றினேன். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி வாழையிலையில் கட்டினேன். பக்கத்து வீட்டில் பிளாஸ்க் இரவல் வாங்கிக் காபியை ஊற்றிக்கொண்டேன். அப்பா மலையைப் பார்த்த அந்த நிமிஷமே அவர் வாயில் என் கைச்சோறு விழ வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு எண்ணம்.

அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டே எழுந்து வந்தார். லாரியில் ஏற்ற வேண்டுமே, கண்ணைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். திறந்தார், ஆனால் தலையைக் குனிந்தபடிதான் வந்தார். முன்னால் டிரைவர் பக்கத்தில் அவரும் நானும், பின்னால் வாழைத்தார்களின் மேல் என் வீட்டுக்காரர். வளைவுக்கு வளைவு லாரி முக்கி முனகி ஏறியது. அப்பா வயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுவார்.

லாரியைப் பாதையில் நிறுத்திவிட்டு நடந்து போனோம். அங்கே எங்களுக்கு முன்பே ஒரு கூட்டம் இருந்தது. மெட்ராஸ்காரர்கள் போலிருக்கிறது. ஆளுக்கொரு குரங்குக் குல்லா. ஒருவர் கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒரே சால்வைக்குள் நின்றது. எல்லோரும் கிழக்கே பார்த்து நின்றார்கள். அப்பா மட்டும் அவர்களுக்குப் பக்கத்தில் போய் வடக்கே பார்த்து நின்றார்.

குல்லாப் போட்ட ஓர் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "பெரியவரே, சன்ரைஸ் இந்தப் பக்கம்" என்றாள்.

"அவரு வரட்டும்மா" என்றார் அப்பா. "எங்க ஊருக்கும் அவருதான் தெனமும் வாராரு."

கிழக்கே மலைமுதுகுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஓரத்தில் செம்மண் நிறம் கசிந்தது. பிறகு சூரியன் ஒரு துளி எட்டிப் பார்த்து, கண்ணெதிரே முழுசாக மேலே வந்துவிட்டது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. கூட்டம் கை தட்டியது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வடக்கே கீழே பார்த்தால் பள்ளம் முழுக்க மூடுபனி. ஊரும் இல்லை, குளமும் இல்லை, மலையும் இல்லை. இட்லிச் சட்டியில் துணி விரித்த மாதிரி ஒரே வெள்ளை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி அந்தப் பனிதான்.

"வெயில் ஏறுனா வெலகிரும் மாமா" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. மெட்ராஸ்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேர்தான். அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்தது. இப்போது நான் பார்த்தபோதும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன்தான் இந்தப் பிடிவாதம் பிடித்தேனோ, பேசாமல் முதல் பஸ்ஸில் விட்டிருக்கலாமோ என்று மனசுக்குள் ஓடியது. என் வீட்டுக்காரர் ஓரத்துக்கும் எங்களுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

திடீரென்று அவர் கையை நீட்டினார். "மாமா, அந்தா தெரியுது."

பனி ஓர் இடத்தில் கிழிந்து, கறுப்பாக ஒரு குன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்பா எழுந்து போனார். நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பழனி மலைக்குப் பக்கத்தில் இடும்பன் மலை தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்கவே முடியாது. பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட எங்கள் ஊரில் அது தெரியும். இது ஒற்றைக் குன்று. நீளவாக்கில் படுத்துக் கிடந்தது. எங்களூருக்கு மேற்கே எங்கேயோ இருக்கிற ஏதோ ஒரு கரடு.

என் வீட்டுக்காரரைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "லாரியில பிளாஸ்க்க வச்சுட்டேன். வெரசா எடுத்துட்டு வந்துருதேன்" என்று ஓடினார்.

அப்பாவும் நானும் பாறையில் உட்கார்ந்தோம். இலையைப் பிரித்தேன். தினமும் பார்த்த மலையையே அடையாளம் தெரியாத அளவுக்கு அப்பாவுக்குக் கண் போய்விட்டதா? அம்மா இல்லாத வீட்டில் இதை யார் கவனித்திருப்பார்கள்? அப்பா இட்லியைப் பிட்டார். மூன்று வருசமாக நான் கேட்டது அதுதான். பேசாமல் இருந்தால் நடந்துவிடும். என்னால் முடியவில்லை. ஆயுசு முழுக்கக் காத்த ஒன்றை ஏமாந்து தொலைக்கிறார், அதுவும் என் கையால்.

"அப்பா, சாப்பிடாதீங்க. அது நம்ம மலை இல்ல."

பிட்ட இட்லி கையில் இருக்க, அப்பா என்னைப் பார்த்தார்.

"தெரியும்த்தா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இடும்பன் இல்லாம நம்ம மலை ஏது? மாப்ளகிட்டச் சொல்லிறாத. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கிறதப் பாக்க மாட்டாமக் காட்டிட்டாரு, பாவம்."

"பெறகு ஏம்ப்பா கும்பிட்டீங்க? முருகன் கோவிச்சுக்கிற மாட்டாரா?"

"கோவிச்சுக்குவான்" என்றார் அப்பா. "கோவிச்சுக்கிட்டு மலையேறுனவன்தான அவன். அவனைச் சமாதானம் பண்ண நித்தம் ஊரு சனமெல்லாம் படியேறிப் போகுது. நீயும் கோவிச்சுக்கிட்டு இந்த மலை மேல ஒக்காந்திருக்க. உனக்கு நான் ஒருத்தன்தானத்தா."

சொல்லிவிட்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்று விழுங்கினார். இன்னொரு துண்டைப் பிட்டு எண்ணெயில் நன்றாகப் புரட்டிக்கொண்டே, "மத்தியானத்துக்கு என்ன கொழம்பு வைக்கப் போற?" என்று கேட்டார்.

பூண்டுக் குழம்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.