மாட்டுக்கு வாதாடியவர்

என் கணவர் கஸிமிர் டுடா, எனக்குக் காஸ், இருபத்தாறு வருஷம் சிகாகோவில் தீயணைத்தார். அதன் பிறகு பதினோரு வருஷம், கூரையில்லாத சுற்றுலாப் பேருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதே ஊர் ஒருமுறை எப்படி எரிந்துபோனது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னார். இரண்டு வேலைக்கும் ஒரே குரல்தான். "எல்லாரும் இடது பக்கம் பாருங்க" என்று அவர் சொன்னால், ஏதோ சுவர் இடிந்து விழப்போகிறது என்று நினைத்துச் சிலர் குனிந்துகொள்வார்கள்.

ஓய்வுபெற்ற முதல் மூன்று மாதம் அவர் சமையலறையில்தான் நின்றார். நானும் பள்ளியில் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்து அப்போதுதான் ஓய்வுபெற்றிருந்தேன்.

"லூசீல், இந்தத் திரைக்கும் அடுப்புக்கும் ஒன்பது அங்குலம்தான் இருக்கு."

"உனக்கும் எனக்கும் நடுவுல அதைவிடக் கம்மியா இருக்கு, காஸ். அதுதான் ஆபத்து."

மறுநாள் பேருந்துக் கம்பெனியின் விளம்பரத்தைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் அவருக்கு வேலை கிடைத்தது, எனக்குச் சமையலறை கிடைத்தது.

கம்பெனி ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து, இதைத்தான் சொல்ல வேண்டும் என்றது. அதை அவர் நான்காக மடித்து, ஆடுகிற இருக்கையின் காலடியில் செருகிவிட்டார். அவர் சொன்னது வேறு. "இந்த ஆறு ஏரியைப் பாக்க ஓடிட்டிருந்துச்சு. நம்ம கழிவு நாம குடிக்கிற தண்ணியிலேயே கலக்குதுன்னு ஆத்தையே திருப்பி எதிர்ப்பக்கம் ஓட விட்டாங்க. அப்ப கழிவு யார் ஊருக்குப் போச்சுன்னு கேக்காதீங்க. செயின்ட் லூயிஸ்காரங்க யாராவது வண்டில இருப்பாங்க." மிக உயரமான கறுப்புக் கோபுரத்துக்குப் பெயர் மாறிப் பல வருஷம் ஆகியும் பழைய பெயரைத்தான் சொன்னார். "பேரை மாத்தினவங்க என்னைக் கேக்கலையே."

இதையெல்லாம் கம்பெனி பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது மாட்டு விஷயம்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் ஓலீரி என்ற அம்மாளின் தொழுவத்தில் மாடு ஒன்று லாந்தரை உதைத்துத் தள்ள, அதில் ஊரே எரிந்தது என்பது எங்கள் குழந்தைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றுக்கொள்கிற கதை. வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்கத்தான் சீட்டு வாங்குகிறார்கள். கஸிமிர் சொல்ல மாட்டார். அந்தத் தொழுவம் இருந்த இடத்தில் இப்போது தீயணைப்புப் பயிற்சிப் பள்ளி நிற்கிறது. அவர் தண்ணீர்க் குழாய் பிடிக்கக் கற்றது அங்கேதான்.

"அந்தத் தரையில நின்னு படிச்சவன் நான். காரணம் தெரியலன்னா 'தெரியல'ன்னு எழுது. அதான் முதல் பாடம். மாட்டைப் பாத்தவன் எவன்?"

பேருந்தில் யாராவது "மாடு எங்கே?" என்று கேட்டால் மைக்கில் பதில் வரும். "மாடு நிரபராதி. தொண்ணூத்தேழுல நகர மன்றமே தீர்மானம் போட்டு விடுதலை பண்ணிருச்சு. நூத்து இருபத்தாறு வருஷம் லேட். அடுத்து, வலது பக்கம்."

புகார்கள் குவிந்தன. குழந்தைகளுக்கு மாட்டுக் கதை சொல்வதாக அழைத்துவந்தோம், ஒரு கிழவர் எங்களைப் பொய்ச்சாட்சி சொன்னவர்கள்போலப் பார்த்தார் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நாலாவது வருஷக் குளிர்காலத்தில் கம்பெனிக்குப் புது மேலாளர் வந்தார். பெயர் ப்ரென்ட் லோமாக்ஸ், அரிசோனாக்காரர். அவர் தொலைபேசியில் என்னிடம், மரியாதையாகத்தான், விஷயத்தைச் சொன்னார். "நானே வீட்டுக்கு வந்து பேசிப் பாக்கறேன் மேடம். ஏப்ரல்ல அவர் வண்டி ஏறணும்னா மாடும் ஏறணும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறோம்."

எனக்கு அந்த ஒன்பது அங்குலம் ஞாபகம் வந்தது. கஸிமிருக்கு வேறு எதுவோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்று இரவு அவர் சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

லோமாக்ஸ் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின இரண்டு நாளும் பனி கொட்டியது. கஸிமிர் மூன்று மணி நேரம் வாரி, வாசலுக்கு நேரே கார் நிற்கிற அளவுக்கு இடம் திறந்தார். எங்கள் பிரிட்ஜ்போர்ட் பகுதியில், பனியை வாரியவனுக்கே இடம். அடையாளத்துக்கு ஒரு பழைய நாற்காலியோ வாளியோ வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை யாரும் தொட மாட்டார்கள். இது சட்டத்தில் இல்லை. சட்டத்துக்கு எங்கள் தெருவில் இவ்வளவு மரியாதையும் இல்லை. நாற்காலியை நகர்த்திவிட்டு வண்டியை விட்டவனுக்கு என்ன தண்டனை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அடையாளம், சிவப்பு ரெக்ஸின் தைத்த சமையலறை நாற்காலி. வீட்டில் இருந்தது நான்கு. ஒன்றைக் கிறிஸ்துமஸுக்கு வந்த என் தம்பி உட்கார்ந்தே உடைத்துவிட்டான். ஒன்று தெருவில். மிச்சம் இரண்டு.

அன்று காலை கஸிமிர் விருந்தாளிக்காக ஜாம் வைத்த போலந்து பன் வாங்கக் காரில் போயிருந்தார். மேஜையைத் துடைக்கும்போதுதான் எண்ணினேன்: ஆள் மூன்று, நாற்காலி இரண்டு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். வெளியே போய்ச் சிவப்பு நாற்காலியை எடுத்துவந்து, பனியைத் தட்டித் துடைத்து மேஜையருகே போட்டேன். அதற்குப் பதிலாக இஸ்திரிப் பலகையைத் தெருவில் வைக்கலாம் என்று எடுக்கப் போனபோது அடுப்பில் பார்லி சூப் பொங்கியது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

"நல்வரவு, மிஸ்டர் லோமாக்ஸ். கார் எங்கே விட்டீங்க?"

"வாசல்லயேதான் மேடம். தெரு பூரா பனி மலை, உங்க வீட்டு முன்னாடி மட்டும் ஜம்முன்னு ஒரு இடம்! எனக்குன்னே விட்டு வெச்ச மாதிரி."

அவர் சிவப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்தார். காரை எடுத்துவிடுங்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். நாற்காலியை எடுத்தது யார் என்பது வரை பேச்சு போகும். நான் சூப் ஊற்றினேன்.

கால் மணி நேரத்தில் தரைக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"குழாய் ஏதும் உடைஞ்சிருச்சா மேடம்?"

"துணி துவைக்கிற மெஷின்."

அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய தோளுக்கு மேலே எனக்கு எல்லாம் தெரிந்தது. கஸிமிர் அடித்தள அறைக் குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டி, வெளியே இழுத்துவந்து, இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கால்களை அகட்டி நின்று, அந்தக் காரின் கூரையிலிருந்து ஆரம்பித்து முறையாகத் தண்ணீர் அடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். மூக்குக்குள் முடி உறைகிற குளிர். ஊற்ற ஊற்றக் கண்ணாடியாக இறுகியது. எதிர் வீட்டு ஒஃபேலியா பராகான் படியில் நின்று கையுறையோடு கைதட்டினாள். அந்த நிமிஷம் ஓடியிருந்தால் ஒரு பக்கக் கதவையாவது காப்பாற்றியிருக்கலாம். நான் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினேன்.

கஸிமிர் பன் டப்பாவோடு அடித்தளப் படியேறி உள்ளே வந்தார். முகம் சிவந்து, மணமேடைக்குப் போன அன்று இருந்ததைவிட அழகாக இருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க! மன்னிச்சுக்கோங்க, லேட்டாயிருச்சு. ஒரு திருட்டுக் கழுதை என் நாற்காலியைத் தூக்கிப் போட்டுட்டு என் இடத்துல வண்டிய விட்டிருக்கு. நான் நாலு தெரு தள்ளி விட்டுட்டு நடந்து வர்றேன். சும்மா விடுவேனா? சிலையாக்கிட்டேன். இனி மார்ச்லதான் கதவு திறக்கும்."

லோமாக்ஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "சாம்பல் கலரா சார்?"

"ஆமா. வெளியூர் நம்பர்."

"அரிசோனா."

கஸிமிர் பன் டப்பாவை மேஜையில் வைக்க மறந்து, மார்போடு அணைத்தபடி நின்றார்.

நாங்கள் மூவரும் வெளியே போனபோது பாதித் தெரு கூடியிருந்தது. கார் பிறந்தநாள் கேக் மாதிரி மின்னியது. லோமாக்ஸ் கதவுப் பிடியை இழுத்தார். பிடி எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

"நாற்காலியைத் தொட்டா அப்படித்தான்," என்றாள் ஒஃபேலியா. "உங்க ஊர்ல நாற்காலியே கிடையாதா?"

"நான் எந்த நாற்காலியையும் தொடலம்மா! இடம் காலியா இருந்துச்சு."

"இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க," என்றார் கஸிமிர். கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. ஆனாலும் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், நான் எடுத்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? வண்டி இங்க நிக்குது, நாற்காலியைக் காணோம்."

"தொழுவம் எரிஞ்சுச்சு, மாடு உள்ள இருந்துச்சு. அதானே?" லோமாக்ஸின் பல் குளிரில் கிடுகிடுத்தது. "மாட்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

எங்கள் நாற்பது வருஷக் கல்யாணத்தில் கஸிமிரை அப்படி யாரும் நிறுத்தியதில்லை, என் அம்மாகூட. அவர் முகத்தில் இருந்த சிவப்பு இறங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நாற்காலி உள்ள இருக்கு," என்றேன். "நான்தான் எடுத்தேன். இவர் இவ்வளவு நேரம் அதுலதான் உக்காந்திருந்தார்."

"லூசீல்! நீயா?"

"சூப் பொங்கிடுச்சு, காஸ்."

ஒஃபேலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

மூன்று வீட்டிலிருந்து முடி உலர்த்திகள் வந்தன, ஜன்னல் வழியாக வயர்கள் இழுக்கப்பட்டன. கதவு திறக்க நாலு மணி ஆயிற்று. கஸிமிர் முழங்காலில் நின்று பூட்டுத் துளையை ஊதி ஊதிச் சூடாக்கினார். கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டு, "வேற ஆள் பாத்துக்கோங்க தம்பி. சாட்சி இல்லாமப் பழி போட்டவன் நான். எனக்கு இனி மாட்டைப் பத்திப் பேச வாயில்ல," என்றார்.

லோமாக்ஸ் ஐந்தாவது பன்னைத் தின்றுகொண்டிருந்தார். "மாடு வேண்டாம் சார். ஆனா இதைச் சொல்லணும்."

"எதை?"

"நிரபராதியோட வண்டிய உறைய வெச்சதை. ஒண்ணு விடாம."

"என் பேரோடயா?"

"சாட்சியோட பேரும் வேணும்."

அந்த ஏப்ரலிலிருந்து ஏழு வருஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை, கஸிமிர் முன்பின் தெரியாதவர்களிடம் மைக்கில் பாவமன்னிப்புக் கேட்டார். மாடு எங்கே என்று யாராவது கேட்டால், "சொல்றேன், முதல்ல என் பொண்டாட்டி வெச்ச சூப்போட கதையைக் கேளுங்க" என்று தொடங்குவார். வருஷத்துக்கு வருஷம் பனிக்கட்டி தடித்தது. கடைசியில் கார் ஜூன் மாதம் வரை உறைந்து கிடந்தது. நான் ஒருமுறை சீட்டு வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து கேட்டேன். என்னைப் பார்த்துவிட்டார். "சாட்சி வண்டியிலேயே இருக்கா, எல்லாரும் பின்பக்கம் பாருங்க," என்றார். அறுபது பேர் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அந்த இரண்டு நாளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன அக்டோபரில், அந்த வருஷத்தின் கடைசிப் பயணங்களுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இதயம் நின்று இறந்துபோனார். எங்கள் காரை நவம்பரில் ஒஃபேலியாவின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் பெரிய பனி விழுந்தது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலுக்கு நேரே ஒரு கார் அளவுக்கு யாரோ சுத்தமாக வாரியிருந்தார்கள். மணி அடித்தது. ஒஃபேலியா.

"நாற்காலி எங்கே?"

"வண்டிதான் இல்லையே, ஒஃபேலியா."

"வண்டியைக் கேட்டேனா? நாற்காலியைக் கேட்டேன்."

கொடுத்தேன். ஆறு நாளாக அது அங்கேதான் இருக்கிறது. தெருவில் இடமில்லாமல் ஒருவன் காரைப் பாதி பனி மேட்டில் ஏற்றி விட்டிருக்கிறான். நாற்காலியை யாரும் தொடவில்லை.

இன்று மத்தியானம் லோமாக்ஸ் வந்தார். இறுதிச் சடங்கின்போது அவர் அரிசோனாவில் இருந்தாராம். முழங்கால் வரை பேன்ட் நனைந்திருந்தது, கையில் பன் டப்பா.

"கார் எங்கே விட்டீங்க?"

"நாலு தெரு தள்ளி, மேடம்."

உள்ளே நாற்காலி இரண்டுதான் இருந்தது. இரண்டு பேருக்கு அது சரியாக இருந்தது. பார்லி சூப்பைச் சூடாக்கப் போனேன்.