கடைவாயில் வைத்த சங்கு

செக்காலைப் பகுதியில் முப்பது வருடம் பிசியோதெரபி பார்த்தேன். முகவாதம் எனக்குப் பழகிய வேலை. முந்தின நாள் நன்றாக இருந்தவர் வாய் கோணிப்போய் வருவார். கரண்ட் ஸ்டிமுலேஷன், கண்ணாடி முன்னால் பயிற்சி என்று கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுவார்.

கண்டனூர் சுப்பையா தேறவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்தில் சங்கு ஊதுவது வழக்கம். அவருக்கு அதுதான் தொழில். "பஸ்ல ஜன்னலோரம் வந்தேன் மேடம், காத்தடிச்சு வலதுபக்கம் விழுந்துருச்சு" என்றார். அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தேன். நாலு மாதமாகியும் வலது கண் முழுதாக மூடவில்லை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம்.

"வீட்டுல பயிற்சி பண்றீகளா, இல்ல சும்மா சொல்றீகளா?"

மனிதர் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் துணிப்பையில் சங்கோடு வந்துவிட்டார். "தெனம் இதையும் ஊதித்தான் பழகுறேன். பாருங்க" என்று இடது கடைவாயில் வைத்து ஊதினார். வெளியே காத்திருந்த வெளியூர் அம்மாள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எழுந்துவிட்டார்.

"எப்பவும் ஓரத்துலதான் ஊதுவீகளா?"

"இல்ல மேடம், நடுவுலதான். வலதுபக்கம் காத்து ஒழுக ஒழுக, கொஞ்சங்கொஞ்சமா நகத்திக்கிட்டேன். ரெண்டு வருசமிருக்கும். பஸ்ல வந்த அன்னைக்குத்தான் மத்தவுக கண்ணுக்கே தெரிஞ்சுச்சு."

சாதாரண முகவாதத்தில் ஓரிரு நாளில் முகம் விழுந்துவிடும். இரண்டு வருடமாக மெல்ல மெல்ல விழுகிறதென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. கரண்ட் சிகிச்சையை நிறுத்திவிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். ஸ்கேனில் காதுக்குப் பின்னால், முகத்தை அசைக்கும் நரம்பிலேயே ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் இப்போதே எடுத்தால் நரம்பும் போய், அந்தப் பக்கம் மொத்தமாகத் தொங்கிவிடலாம். வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருப்போம் என்றார் சர்ஜன்.

படத்தோடு வந்தவரிடம், "நாலு மாசம் உங்களத் திட்டிக்கிட்டே இருந்துட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

"அத விடுங்க. இனிமே ஊதலாமான்னு அவுகள்ட்ட கேக்கப் பயமா இருந்துச்சு மேடம். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அங்கேயே சர்ஜனுக்குப் போன் போட்டேன். தாராளமாக ஊதட்டும் என்றார். அதைச் சொன்னதும் சுப்பையா பாதி முகத்தால் சிரித்தார். அந்தச் சிரிப்பு போல ஒன்றை நான் பார்த்ததில்லை.

கட்டி இதுவரை வளரவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எப்போது விழுந்தது என்று கேட்பதோடு, அந்த முகத்தை வைத்து அவர் என்ன வேலை செய்கிறார், அதில் எது முதலில் சிரமமானது என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அவராகச் சங்கைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.