கறிக்கு மட்டும் பாக்காவ்

குச்சியில் கோத்த இறைச்சியைச் சாத்தே சுடும் கடையில் இன்று பாக்காவ் என்ற கண்டல் மரக் கரியின் வாசம் எழுந்ததும், பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடி, "பழைய பினாங்கு வாசம் லா!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் காலத்தில் பினாங்கு சூலியா தெருவில் என் அத்தா நடத்திய சோற்றுக்கடைக்கு, வீட்டு அடுப்படியில் அம்மாதான் கறி ஆக்கினாள். புகையாமல் நின்று எரியும் பாக்காவ் விறகு, கடை வாசலில் நாலு பேர் பார்க்க அடுக்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததோ அக்கரையிலுள்ள பிறை ஊரிலிருந்து தொங்கான் படகில் நனைந்து வந்த பால்மரக் கட்டை, ஊத ஊத நுரை தள்ளி, ரப்பர் நாற்றத்தோடு சுவரைக் கருக்கி, அம்மாவின் கண்ணைப் பழமாய்ச் சிவக்கவைத்த கட்டை.

"கண்ணு எரியுதுங்க, நல்ல விறகு குடுங்க" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அத்தா, "பொம்பளைக்குப் புகை என்ன புதுசா?" என்பார்.

ஒருநாள் சாப்பிட வந்த ஒருவர் கறியில் புகைவாடை அடிக்கிறது என்றார். அன்று சாயங்காலமே பாக்காவ் வீட்டுக்கு வந்தது.

"கறிக்கு மட்டும் எரி" என்றார் அத்தா.

கறிச்சட்டி இறங்கியதும் அம்மா அந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, எங்கள் சோற்றுக்குப் பால்மரக் கட்டையைச் செருகுவாள், இருமிக்கொண்டே.

பழைய பினாங்கு வாசமாம்! எங்கள் சோற்றில் கடைசிவரை புகைவாடைதான் அடித்தது. நாங்கள் காசு கொடுத்துச் சாப்பிட்டவர்கள் இல்லையே.