ஐஸ் பெட்டியில் பத்து நிமிடம்

பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி, எல்லாவற்றையும் வாடகைக்கு விடுகிற குடும்பம் எங்களுடையது. கச்சிராயபாளையத்தில் யார் கண்ணை மூடினாலும் முதல் போன் அப்பாவுக்குத்தான் வரும். பிணத்தைக் கிடத்தும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கண்டால் மற்ற பிள்ளைகள் ஓடுவார்கள். எனக்கு அது வீட்டு பீரோ மாதிரி. எட்டு வயது வரை அப்படித்தான் இருந்தது.

அக்கா ஓட்டக்காரி. நான் சொல்லும் அந்த நாளுக்கு மறுநாள் கள்ளக்குறிச்சியில் மாவட்டப் போட்டி. ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம், தோற்றால் ஓட்டத்தை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். குறுக்கே நின்றது ஒரே ஒருத்தி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, வெறுங்காலில் ஓடி, மூன்று தடவை அக்காவை முந்தியவள். "அந்தப் பொண்ணு வரக்கூடாது, வரலைன்னா சூடம் ஏத்தறேன்" என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அக்காவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அம்மா கழனிக்குப் போயிருந்தாள். அம்மாவின் தம்பியான மாமாதான் வீட்டில் இருந்தார். போனில் எதைப் பார்த்தாலும் உடனே எங்கள்மேல் செய்து பார்க்கிறவர்.

"வெளிநாட்டுல ஓடறவங்கல்லாம் ஐஸ்லதான் படுத்துக்கினு இருக்காங்க. பத்து நிமிசம் ஜில்லு, பத்து நிமிசம் சூடு. நம்ம வூட்ல இல்லாத ஐஸா?" என்றார்.

மூளையைப் பாருங்கள்! அக்கா மாட்டவே மாட்டேன் என்றாள். பிறகு காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிப் படுத்தாள். மூடி இடுக்கில் ஒரு செங்கல்லைச் செருகிவிட்டு, ஒத்தடத்துக்கு உப்பு வறுக்க மாமா அடுப்படிக்குப் போனார். நேரம் பார்க்கும் வேலை எனக்கு.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அக்கா இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்து, கண்ணை மூடியிருந்தாள். அப்படிப் படுக்கும்படி யாரும் சொல்லவில்லை. தட்டினேன். கூப்பிட்டேன். அசையவில்லை. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அந்தப் பெட்டியைக் கண்டு பயந்து, மாமாவைக் கூவிக் கூப்பிட்டேன்.

சட்டென்று கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தன் கால் பக்கம் பார்த்தாள்.

"யாருடி அது? ஒரு காலு ஜில்லுனு என் காலை இடிச்சிக்கினே கீதே" என்றாள்.

பெட்டியில் அவளைத் தவிர யார் இருப்பார்கள்? மாமா ஓடி வந்து அவளை வெளியே இழுத்தார். சுடச்சுட உப்பு மூட்டையைக் காலில் வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா போனும் கையுமாக வந்தார்.

"பொட்டியைத் தொடைங்க, மலைக்குப் போவணும். மூணு நாளா காய்ச்சலாம், பாவம். நம்ம பொண்ணை ஜெயிச்சிக்கினே இருந்திச்சே, அந்தப் பொண்ணுதான்" என்றார்.

அக்கா உப்பு மூட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். பெட்டியை நான்தான் துடைத்தேன். எதையோ பாடிக்கொண்டே துடைத்ததாக ஞாபகம்.

மறுநாள் அக்காவின் கால் நன்றாகவே இருந்தது. எல்லாரையும் விட்டுவிட்டு வெகுதூரம் முன்னால் ஓடினாள். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டாள். யாருக்கோ வழி விடுகிறவள் போலப் பக்கத்தில் பார்த்தாள். அங்கே யாருமே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள்.

திரும்பி வந்ததும் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினேன். அக்கா தோற்றதற்கு அம்மன் என்ன செய்வாள்? நான் கேட்டது அந்தப் பெண் வரக்கூடாது என்பதைத்தான். அதைச் செய்துவிட்டாளே.

"எதுக்குடி இது?" என்று பின்னாலேயே வந்த அம்மா கேட்டாள். பெருமையாகச் சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எரிந்துகொண்டிருந்த சூடத்தை வெறும் உள்ளங்கையால் அழுத்தி அணைத்தாள். ஐயோ, கை சுட்டிருக்குமே என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.