மணிக்கட்டில் ஒரு பழைய நரம்பு

காலையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் கையைக் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம், இன்று தூத்துக்குடி பஸ்ஸில் நடந்தது.

பக்கத்து சீட்டில் வலக்கையில் கட்டுப்போட்ட ஓர் அண்ணாச்சி. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். விரலை மடக்கும் நரம்பு அறுந்துவிட்டதாம், நாளை ஆபரேஷன்.

"இடக்கை மணிக்கட்டுல இருந்து ஒரு நரம்ப எடுத்து இங்கன வைக்கப் போறாங்களாம். இருக்கிற ஒரு கையும் போயிருமோன்னு பயமா இருக்கு" என்றார்.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். உற்சாகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வச்சு இடக்கை மணிக்கட்ட மடக்குங்க அண்ணாச்சி" என்றேன். மணிக்கட்டின் நடுவே, அவர் நரம்பு என்று சொன்ன அந்தத் தசைநாண் புடைத்து நின்றது.

"மரத்துல தொங்கித் திரிஞ்ச நம்ம ஆதி முன்னோருக்குத்தான் இது ரொம்ப உதவிச்சு. கீழ இறங்கி நடக்கிற நமக்கு அவ்வளவு தேவையில்ல. சிலருக்குப் பிறக்கும்போதே கிடையாது. எனக்கு இல்ல, பாருங்க."

என் கையை உற்றுப் பார்த்தார். "இந்தக் கையாலயா டீச்சர் இவ்வளவு பெரிய பையத் தூக்கிட்டு ஏறுனீங்க?"

"இதே கைதான்."

அவர் முகம் தெளிந்தது. அதற்குள் கண்டக்டர் உட்படப் பாதி பஸ் விரல்களைச் சேர்த்து மடக்கிக்கொண்டிருந்தது. ஆத்தூரில் ஏறிய வெற்றிலைக்கார அக்காவுக்கு ஒரு கையில்தான் இருந்தது.

இறங்கும்போது அண்ணாச்சி சொன்னார்: "குரங்கு விட்டுட்டுப் போனதுல எனக்கு விரல் வருதுன்னு வீட்ல சொல்லுதேன்."

குரங்கல்ல, நமக்கும் குரங்குக்கும் பொதுவான முன்னோர் என்று நான் திருத்துவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நீங்களும் மடக்கிப் பாருங்கள். என்னைப் போல முழுசாக மரத்தை விட்டு இறங்கியவர்கள் கமெண்டில் கைதூக்கவும்.