இல்லாதவளுக்கு வந்த போன்

அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் நோண்டி. பூட்டிய கதவைப் படியிறங்கிப் போன பிறகும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். ஆறிப்போன புண்ணின் பொருக்கை உரித்து, உள்ளே ஒழுங்காகத்தான் ஆறியிருக்கிறதா என்று சரிபார்ப்பாள். இப்படி ஒரு பிறவிக்கு உலகத்தில் ஏற்ற வேலை ஒன்றுதான் உண்டு, அது அவளுக்கே கிடைத்துவிட்டது. அடுத்தவர் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லும் கம்பெனிகள் நிஜமாகவே அப்படி வைத்திருக்கின்றனவா என்று நோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குச் சம்பளம் வேறு.

அவள் நோண்டாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. கூடவே வசிக்கும் தங்கச்சி சில காலமாக ஒரு மனநல மையத்துக்குப் போய்வருகிறாள். அங்கே டாக்டரம்மாவிடம் என்ன சொல்கிறாள் என்று நோண்டி கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதற்காக அவள் எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது அந்த நாக்குக்குத்தான் தெரியும்.

அந்த மையத்துக்கே வேலை வந்து சேர்ந்தது. எல்லோருடைய விவரங்களையும் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்து, சேமித்துத் தரும் கம்பெனி எப்படிப்பட்டது என்று பார்த்துச் சொல்லும்படி நோண்டியைக் கேட்டார். கிளவுட் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு கட்டடத்தில் ஏசி போட்டு உட்கார வைத்திருக்கும் அடுத்தவன் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

விஷயம் கேட்ட தங்கச்சி, மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே மடியில் வைத்தாள்.

"நான் அங்க சொன்னது வேற ஒரு ஆள் காதுக்குப் போச்சுன்னா, அப்புறம் அந்தப் படி ஏற மாட்டேன்க்கா. சத்தியமா."

"போகாதுடி."

"நீ போகாதுன்னு சொன்னா போதாது. பாத்துச் சொல்லு."

கம்பெனிக்குப் போனால், சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். பாதுகாப்பு அதிகாரிக்கு நோண்டி அங்கேயே சான்றிதழ் சார் என்று பெயர் வைத்துவிட்டாள். யார் யார் திறந்து பார்க்க முடியும், அழித்தால் நிஜமாகவே அழியுமா, வேறு யாருக்காவது கொடுக்கிறீர்களா என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"அதுக்கும் சான்றிதழ் இருக்கு மேடம்."

"பூட்டு வாங்கின பில்லைக் காட்டறீங்க சார். நான் பூட்டை இழுத்துப் பாக்கணும்."

இழுத்துப் பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. சோதனைக்காகக் கம்பெனி கொடுத்த இடத்தில், உலகத்திலேயே இல்லாத சில நோயாளிகளைப் படைத்து ஏற்றினாள். அதில் ஒருத்திக்கு மட்டும் தன் கைப்பையிலிருந்த பழைய போனின் புது நம்பரைக் கொடுத்தாள். அந்த நம்பர் வேறு எந்த ஜீவனுக்கும் தெரியாது. இல்லாத அந்தப் பெண்ணைத் தேடி யாராவது கூப்பிட்டால், விவரம் கசிந்தது அந்தக் கம்பெனியிலிருந்துதான்.

அதன்பின் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்கறிக் கடையில் போனை எடுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் பார்ப்பாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். மணி அடிக்கவில்லை என்றால் நல்லதுதானே? அதுவும் நிம்மதியாக இல்லை. சார்ஜ் இறங்கிவிட்டதோ, சிக்னல் இல்லையோ என்று தன் சொந்த போனிலிருந்தே அதைக் கூப்பிட்டுப் பார்ப்பாள்.

"என்னக்கா, மாப்பிள்ளை வீட்ல இருந்து போன் வரணுமா?" என்றாள் தங்கச்சி.

"நான் படைச்சு ஏத்தின நோயாளிக்கு வரணும்டி. வாயை மூடிட்டுச் சாப்பிடு."

ஒரு காலை, நோண்டி தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நிற்கும்போது, அது அடித்தது.

"எடுடி! அந்தப் பொண்ணு நீதான்னு சொல்லு! வச்சிடப் போறாங்க!" என்று குளியலறைக்குள்ளிருந்து கத்தினாள்.

தங்கச்சி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு விற்பனைக்காரன் தேன் ஒழுக, அந்த இல்லாதவளின் பெயரைப் பிசகாமல் சொல்லி, "நீங்கதானே மேடம்?" என்றான்.

"ஆமாங்க, நான்தான்." சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"எங்க மெத்தையில ஒரு தடவை படுத்துப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து, ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களாமே. விவரத்துல வந்திருக்கு. இனிமே அந்தக் கவலையே வேணாம்."

தங்கச்சி போனைக் கட் செய்தாள்.

நோண்டி துண்டும் நுரையுமாக ஓடி வந்தாள். "மாட்டினான்! மாட்டினான்டி!" அப்புறம்தான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மணி, ஜன்னல். அது நான்தானேக்கா?"

நுரை கண்ணில் இறங்கியது. இல்லாத ஒருத்திக்கு ஒரு நோய் வேண்டியிருந்தது. எழுதும்போது கைக்கு வந்ததை எழுதிவிட்டாள். சோதனைக்கு நிஜ மனிதரின் விவரத்தைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவள் அவள்.

"உனக்கு எப்படித் தெரியும்? நான் விளக்கு கூடப் போடறதில்லையே."

"பக்கத்து ரூம்ல நானும் முழிச்சிட்டுத்தானேடி கிடக்கேன்."

தங்கச்சி எழுந்து போய்விட்டாள்.

சான்றிதழ் சார் முதலில் மறுத்தார். பழைய போனில் தானாகப் பதிவாகியிருந்த பேச்சைக் கேட்டதும், சேவையை மேம்படுத்தக் கூட்டாளிக் கம்பெனிகளுக்குக் கொஞ்சம் போகும், ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதே என்றார். கடைசியில் சிரித்தே மழுப்பினார்.

"அந்தப் பொண்ணு உலகத்துலயே இல்லையே மேடம். யாருக்கு என்ன நஷ்டம்?"

வேறொரு நாளாக இருந்தால் நோண்டி அவரை வறுத்தெடுத்திருப்பாள். இன்று, "இருக்கா சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கம்பெனி வேண்டாம் என்று டாக்டரம்மாவுக்கு எழுதினாள். சோதனையில் தான் செய்த தப்பையும் கீழேயே எழுதினாள், பெரிய எழுத்தில். மையத்தின் விவரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தங்கச்சி போவாளா என்பதுதான் தெரியவில்லை. மையத்துக்குப் போகும் நாளில் காலையிலிருந்து நோண்டி துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி வாசலில் செருப்பை மாட்டினாள்.

"நீ கூட வர வேணாம்."

"நான் எங்க வரேன்னேன்?" என்றாள் நோண்டி. அவள் காலில் செருப்பு ஏற்கெனவே ஏறியிருந்தது.

"அடுத்த கம்பெனிக்கும் ஒருத்தியைச் செய்வியே, அவளுக்கு என்ன நோய்?"

"நீயே சொல்லு."

"முழங்கால் வலி குடு. நம்ம வீட்ல யாருக்கும் இல்ல." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நோண்டி கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். இடது முழங்கால் ஒரு மாதமாகவே அப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, புது நோயாளிக்குப் பல்வலி என்று எழுதினாள்.